தடுப்பூசி முகாமை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றியது யார்? தொற்றுநோய்க் காலக் களப்பணியாளர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூர் மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சுனாமி, கஜா, டெங்கு, கொரோனா எல்லாவற்றையும் களத்தில் நின்று பார்த்தாயிற்று. பொது நிர்வாகம் படிக்கிற பிள்ளைகள், புதிதாக வேலைக்கு வந்தவர்கள், ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் என்று பலரும் போன் போட்டு ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

களப்பணியாளர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

டாக்டர், நர்ஸ் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அரசாங்கத்தின் பக்கத்திலிருந்து மக்களை நேருக்கு நேர் பார்க்கிற கடைசி ஆள் எவரோ, அவர் களப்பணியாளர். துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் கிராம சுகாதார செவிலியர், அதாவது ஊரில் எல்லோரும் கூப்பிடுகிற நர்சம்மா, என்னைப் போன்ற சுகாதார ஆய்வாளர், கொசு ஒழிப்புக்கு வீடு வீடாகப் போய்த் தொட்டியை எட்டிப் பார்க்கும் மஸ்தூர், தூய்மைப் பணியாளர், அங்கன்வாடி ஊழியர், 108 ஓட்டுநர், கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சி செயலாளர் எல்லோரும் இதில் அடக்கம். 2020 ஏப்ரலில் 1,000 ரூபாய் நிவாரணத்துக்கு வீடு வீடாக டோக்கன் கொடுத்த ரேஷன் கடைக்காரரை விட்டுவிடாதீர்கள், அந்த மாதம் ஊரில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வெளியூரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் முழுசாகத் தெரிந்திருந்தது.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்த 5,000 பேருக்கும் ‘சுகாதாரத் துறை’ என்றால் ஒரே ஒரு நர்சம்மாவின் முகம்தான்.

கொள்கையைச் சென்னையிலும் டெல்லியிலும் எழுதுகிறார்கள். இவர்களுக்கு அதில் என்ன பங்கு?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். மைக்கேல் லிப்ஸ்கி என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1980-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். போலீஸ்காரர், ஆசிரியர், நலத்துறை ஊழியர் மாதிரியானவர்கள் தினமும் எடுக்கிற சின்னச் சின்ன முடிவுகளெல்லாம் சேர்ந்து கடைசியில் மக்கள் கையில் கிடைக்கிற கொள்கை ஆகிவிடுகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். படிக்கிற பிள்ளைகளுக்கு இது பாடம், எனக்கு இது 2021 ஜூன் மாதம்.

அந்த வருஷம் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்கள் அதற்கு முன்பே குறுவை நடவை ஆரம்பித்திருந்தார்கள். தடுப்பூசி வருவதே அப்போது குதிரைக்கொம்பு. ஒரு நாள் எங்கள் வட்டாரத்துக்கு மருந்து வந்தது, வெண்ணாற்றங்கரை ஊர் ஒன்றில் பள்ளிக்கூடத்தில் காலை 9 மணிக்கு முகாம் போட்டோம். மதியம் வரை வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதிலும் பெண்கள் நாலைந்து பேர்தான். அறிக்கையில் என்ன எழுதுவது? படிவத்தில் இலக்கு, வந்தவர்கள், வராதவர்கள் என்று 3 கட்டம் இருந்தது, ஏன் வரவில்லை என்று எழுத இடமே இல்லை. எண்ணை எழுதி அனுப்பினோம். மேலே இருந்து என்ன வந்தது தெரியுமா? ‘தடுப்பூசி பற்றிய அச்சத்தைப் போக்க’ ஒரு கட்டு துண்டறிக்கை.

எங்கள் நர்சம்மா அந்தக் கட்டைப் பிரிக்கவே இல்லை. மறுநாள் காலை 6 மணிக்கே வயலுக்குப் போய்விட்டார். வரப்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாற்றுக் கட்டு கிடந்த இடம் வரை சேற்றில் இறங்கிப் போய் நடவாட்களிடம் பேசினார். அவர்கள் பயப்படவே இல்லை. ஊசி போட்டால் ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் வருகிறது, நடவோ கொஞ்ச நாள் வேலைதான், அதில் 2 நாள் படுத்தால் 2 நாள் கூலி போச்சு, கூட நடுகிற ஜோடியும் உடைந்துவிடும், அடுத்த நாள் வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ‘நடவு முடியட்டும் நர்சம்மா, நாங்களே வந்து வரிசையில நிக்கிறோம்’ என்றார்கள்.

அவர் தன் நோட்டில் எழுதியது மூன்றே வார்த்தை: நடவு, காய்ச்சல், கூலி. அந்த நோட்டைத்தான் வட்டார மருத்துவ அலுவலரிடம் நாங்கள் இருவரும் கொண்டுபோய்க் காட்டினோம். அந்த டாக்டரம்மா நல்ல மனசுக்காரர், படித்துப் பார்த்துவிட்டு அடுத்த ஒதுக்கீட்டை நடவு முடிந்த ஊர்களுக்கு முதலில் திருப்பிவிட்டார், நடவு நடக்கிற ஊர்களுக்குச் சாயங்காலம் 4 மணிக்கு மேல் முகாம் என்று மாற்றினார், காய்ச்சல் மாத்திரையைக் கையோடு கொடுத்தனுப்பச் சொன்னார். எந்த அரசாணையும் வரவில்லை. ஆனால் எங்கள் வட்டாரத்தின் தடுப்பூசிக் கொள்கை அன்றைக்கு மாறியது.

இது ஒரு வட்டாரத்து விஷயம்தானே. மாநில அளவில் அப்படி எதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றையே சொல்கிறேன். 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாட்டில் முதல் மெகா தடுப்பூசி முகாம். ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேலான ஊசி. அதற்கப்புறம் ஞாயிறுதோறும் முகாம் போட்டுக்கொண்டு வந்தபோது களத்தில் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டோம்: ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று ஒரு பேச்சு. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற நாள். ‘அடுத்த வாரம் பாக்கலாம் சார்’ என்று ஆம்பளைகள் கதவோரமாகவே நழுவுவார்கள். அந்தப் பேச்சு தப்பு என்று எவ்வளவு சொன்னாலும் எடுபடவில்லை. அக்டோபரில், 6-ஆவது முகாமை 23-ஆம் தேதி சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். மது, அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஊசியைத் தவிர்க்கிறார்கள் என்பதைச் சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் வெளிப்படையாகவே காரணமாகச் சொன்னார்.

தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்து யோசித்தால் இந்தக் காரணம் யாருக்கும் தோன்றாது. கதவைத் தட்டியவருக்குத்தான் தெரியும். இங்கே எண்ணோடு சேர்த்துக் காரணமும் மேலே போயிருக்கிறது, அதனால் தீர்வும் சரியாக வந்திருக்கிறது. எண் மட்டும் போயிருந்தால் இன்னொரு கட்டு துண்டறிக்கைதான் வந்திருக்கும்.

கீழே இருப்பவர் நிலைமைக்கேற்ப மாற்றிக்கொள்வது விதிமீறல் ஆகாதா? எல்லை எங்கே?

நேரத்தையும் இடத்தையும் மாற்றலாம், பேசுகிற விதத்தை மாற்றலாம். யாருக்கு முதலில் என்ற வரிசையை மாற்றும் உரிமை நமக்குக் கிடையாது. நான் கடைப்பிடித்த எல்லை இதுதான். ஒரு பெரிய மனிதர் ‘வீட்டுக்கு வந்து எங்க எல்லாருக்கும் போட்டுட்டுப் போங்க’ என்று ஆள் அனுப்பியபோது, மருந்துப் பெட்டியை முகாமை விட்டு நகர்த்த முடியாது என்று எங்கள் நர்சம்மா சொல்லிவிட்டார். அதற்காக அவர் கேட்ட பேச்சை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் எல்லை எப்போதும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. ஒரு கோவிஷீல்டு குப்பியில் 10 பேருக்கான மருந்து, திறந்தால் 4 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். சாயங்காலம் 4 மணி, 6 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் ஒரு பாட்டி 3 கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறார். குப்பியைத் திறந்தால் 4 ஊசி வீணாகலாம், திறக்காவிட்டால் பாட்டி திரும்ப வருவாரா தெரியாது. வீணானால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பாட்டி வராமல் போனால் யாரும் கடிதம் அனுப்ப மாட்டார்கள்! நர்சம்மா குப்பியை விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டே யோசிப்பார். அப்புறம் என்னை வண்டியை எடுக்கச் சொல்லி, கடைத்தெருவில் ஒலிபெருக்கியில் கூப்பிடச் சொல்லுவார், நான் 4 பேரைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் பாட்டிக்கு ஊசி போட்டு முடித்திருப்பார்.

2021 மே மாதம் 18 முதல் 44 வயதுக்காரர்களுக்கு ஆரம்பித்தபோது, இணையத்தில் முன்பதிவு செய்தால்தான் ஊசி என்று விதி. ஸ்மார்ட்போன் இல்லாத விவசாயக் கூலிக் குடும்பத்துப் பையன் முகாம் வாசலில் நிற்பான், உள்ளே பதிவு செய்தவன் வராமல் மருந்து மிச்சமாகும், இவனுக்குப் போட விதி இடம் தராது. நாடு முழுக்க இதே கதை. மே 24-ஆம் தேதி மத்திய அரசு, அரசு மையங்களில் நேரில் வந்து பதிவு செய்துகொள்ளலாம் என்று அறிவித்தது. நாள் முடிவில் மிச்சமாகி மருந்து வீணாவதையும் இணைய வசதி இல்லாதவர்களையும் காரணமாகச் சொன்னார்கள். முகாம் வாசலில் இருந்தவர்கள் மே முதல் வாரத்திலேயே சொன்னது அதுதான். 3 வாரம் ஆயிற்று, இன்னும் சீக்கிரம் கேட்டிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

ஊசி போடும் செவிலியரின் கைத்திறன்கூடக் கொள்கையைத் தொடுமா?

தொடும், கேரளாதான் சாட்சி. குப்பியில் 10 பேருக்கான அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக மருந்து இருக்கும். ஊசிக்குழாயில் காற்றுக் குமிழ் விடாமல், சொட்டுகூடச் சிந்தாமல் இழுக்கத் தெரிந்தால் 11-ஆவது ஆளுக்கும் வரும். 2021 மே மாதத் தொடக்கத்தில் கேரளா தனக்கு வந்தது 73,38,806, போட்டது 74,26,164 என்று கணக்குக் காட்டியது, பிரதமரே அதைப் பாராட்டினார். மருந்துக்கு நாடே தட்டுப்பாட்டில் தவித்த நேரத்தில் செவிலியர்களின் கையிலிருந்து வந்த கூடுதல் ஊசிகள் அவை. வீணாவது எவ்வளவு என்பதை வைத்து மாநிலங்களை ஒப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் என்பதால் மற்ற மாநிலங்களிலும் ஒவ்வொரு குப்பியையும் கவனிக்கத் தொடங்கினார்கள்.

களத்தில் தெரிவது மேலே போகும் வழி எது?

முறையான வழி படிவம். நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-இல் வந்தபோது எஸ், பி, எல் என்று 3 படிவம் வைத்தார்கள். எஸ் என்பது களப்பணியாளர் அறிகுறியை வைத்து எழுதுவது, பி டாக்டர் எழுதுவது, எல் ஆய்வகம் உறுதி செய்வது. வாரக்கணக்கில் போன அந்தத் தகவல் 2021-க்குப் பிறகு கணினியில், போனில் நேரடியாக ஏறுகிறது. எஸ் படிவத்தைச் சிலர் மட்டமாக நினைப்பார்கள், ‘ஆய்வகத்தில் உறுதியானால் பார்க்கலாம்’ என்பார்கள். என்னைக் கேட்டால் மூன்றிலும் முக்கியம் அதுதான். ஒரே தெருவில் 3 வீட்டில் காய்ச்சல் என்பதை நர்சம்மா எழுதும் நாளுக்கும் ஆய்வக முடிவு வரும் நாளுக்கும் நடுவில்தான் நோய் பரவுகிறது.

அடுத்து மாதாந்திர ஆய்வுக் கூட்டம். அங்கே பெரும்பாலும் பேசுவது மேலே இருப்பவர், தலையாட்டுவது கீழே இருப்பவர். கொரோனாவின்போது தினசரி இணையவழிக் கூட்டம் வந்ததும் கொஞ்சம் மாறியது. துணை இயக்குநர் நேரடியாக ஒரு நர்சம்மாவிடம் ‘உங்க ஊர்ல என்னம்மா பிரச்சனை’ என்று கேட்டதை நான் என் பணிக்காலத்தில் முதல்முறையாக அப்போதுதான் பார்த்தேன்.

அப்புறம் சங்கம், பத்திரிகை, நீதிமன்றம். இதெல்லாம் முதல் இரண்டும் அடைபட்டபோது திறக்கிற வழிகள்.

தஞ்சாவூர் பள்ளி விவகாரத்தை இதில் சேர்க்கலாமா?

கண்டிப்பாக. 2021 ஜனவரி 19-இல் 10, 12-ஆம் வகுப்புகளையும், பிப்ரவரியில் 9, 11-ஆம் வகுப்புகளையும் திறந்திருந்தார்கள். மார்ச் மாத நடுவில் அம்மாப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் 50-க்கும் மேற்பட்ட மாணவிகளுக்குத் தொற்று உறுதியானது. தஞ்சை மாவட்டத்தில் மற்ற பள்ளிகளிலும் சோதித்தபோது அங்கேயும் வர ஆரம்பித்தது. மார்ச் 20-ஆம் தேதி, 22 முதல் 9, 10, 11-ஆம் வகுப்புகளுக்கு மாநிலம் முழுவதும் பள்ளி இல்லை என்று அரசு அறிவித்துவிட்டது.

ஒரு மாணவிக்கு வந்ததும் கூடப் படித்தவர்கள் எல்லோருக்கும் மாதிரி எடுக்கிற வேலையை அங்கே இருந்த களக்குழு செய்தது, அதனால்தான் அந்த எண்ணிக்கை வெளியே வந்தது. அடுத்த மாதம் இரண்டாம் அலை எப்படி வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிகளை மூடியது பிள்ளைகளின் படிப்பைப் பாதித்தது என்ற வாதமும் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. காவிரி டெல்டாவின் ஒரு சின்ன ஊரில் எடுத்த மாதிரிகள் ஒரு வாரத்தில் மாநிலம் முழுவதற்குமான முடிவானது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

டெல்டா மாவட்டங்களுக்கு இதில் தனி அனுபவம் இருக்கிறதா?

இருக்கிறது, அதைச் சம்பாதித்த விதம் கொடுமையானது. 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. எங்களையெல்லாம் பக்கத்து மாவட்டங்களிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள், நான் அக்கரைப்பேட்டைப் பக்கம் போனேன். அவ்வளவு பேர் முகாம்களில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தும் காலராவோ வேறு பெரிய கொள்ளைநோயோ வரவில்லை. குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி, பிளீச்சிங் பவுடர், குளோரின் என்று விடாமல் வேலை நடந்தது.

அங்கே ஒன்று கற்றுக்கொண்டேன். தண்ணீர் லாரியில் குளோரின் சரியாகத்தான் கலந்து வந்தது. குழாயில் பிடித்து, குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் சொட்டு மருந்தை விட்டால் மஞ்சள் நிறம் காட்டும். ஆனால் முகாமில் ஒரு அம்மாவின் குடத்தில் எடுத்த தண்ணீரில் சொட்டு விட்டேன், நிறமே மாறவில்லை. வாடை பிடிக்காமல் பக்கத்திலிருந்த அடிபம்புத் தண்ணீரைத்தான் குடிக்கப் பிடித்து வைத்திருந்தார்கள், லாரித் தண்ணீர் பாத்திரம் கழுவ. அன்று சாயங்காலமே குடத்தில் சோதிப்பது, அடிபம்புக்கும் குளோரின் போடுவது என்று எங்கள் குழு மாற்றிக்கொண்டது. லாரியில் சோதித்த எண்ணை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் மேலே நினைத்திருப்பார்கள்.

2018 நவம்பர் 16 கஜாவில் வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டைப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை, தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரியில் வைத்திருக்க வேண்டும், கர்ப்பிணிகளை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எந்த வீட்டில் எத்தனை மாதக் கர்ப்பிணி என்பது நர்சம்மாவின் பதிவேட்டில் இருந்தது, மரம் விழுந்த பாதையை எந்தத் தெருவில் முதலில் வெட்டித் திறப்பது என்பதை அந்தப் பதிவேட்டை வைத்து முடிவு செய்த இடங்கள் உண்டு. சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன் 2020 ஜூனில் கொரோனா உச்சத்தில் சுகாதாரத் துறைச் செயலாளராகத் திரும்ப வந்தார். களத்தில் நின்று பார்த்த அதிகாரி மேலே இருந்தால் கீழே இருப்பவர் பேச்சு எடுபடும், அந்த வித்தியாசத்தை எங்களால் உணர முடிந்தது.

டாக்டர்கள் சொன்னால் கேட்கிறார்கள். மற்றவர்கள் சொன்னால் கேட்கிறார்களா?

வலிக்கிற கேள்வி. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு டாக்டரை அடக்கம் செய்யப் போனவர்களைக் கல்லால் அடித்தார்கள். மருத்துவர் சங்கம் நாடு முழுவதும் போராட்டம் அறிவித்தது. ஏப்ரல் 22-ஆம் தேதியே மத்திய அரசு 1897-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் கொண்டுவந்தது, சுகாதாரப் பணியாளரைத் தாக்கினால் 5 ஆண்டு வரை, பலத்த காயம் என்றால் 7 ஆண்டு வரை சிறை. நாலைந்து நாளில் தமிழ்நாடு அரசும் அடக்கத்தைத் தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் போட்டது. இது சரியான, தேவையான நடவடிக்கை, சந்தேகமே இல்லை.

அதே வருஷம் ஆகஸ்ட்டில் நாடு முழுவதும் லட்சக்கணக்கான ஆஷா பணியாளர்கள், அதாவது ஊக்கத்தொகைக்குக் கிராமங்களில் சுகாதார வேலை பார்க்கும் பெண்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். பாதுகாப்பு உடை கொடுங்கள், கொரோனா வேலைக்கு மாதம் 1,000 ரூபாய் போதாது, எங்களை ஊழியராக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. விருது வந்தது, ஊழியர் என்ற அந்தஸ்து வரவில்லை. தமிழ்நாட்டில் 2020-இல் துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று அழைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். பெயர் மாறியது நல்லதுதான், நானும் கூட்டங்களில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைத்தேன். ஆனால் ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலியாக இருப்பவர் கையுறை இல்லை என்று சொன்னால் மறுநாள் வேலை இருக்குமா என்ற பயம் பெயரோடு சேர்ந்து மாறவில்லை. கொரோனாவுக்காக ஒப்பந்தத்தில் எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது என்று சொன்னபோது அவர்கள் தெருவில் உட்கார்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர் குறையை எழுத மாட்டார். எழுதாவிட்டால் அந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்று அரசுக்குத் தெரியாது. பணி நிரந்தரம் என்பதைச் சம்பளப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

களப்பணியாளரின் செல்வாக்கு தப்பான பக்கமும் போகுமா?

போகும். நானே அதற்கு உதாரணம். 2020-இல் தொற்று வந்த ஒரு வீட்டு வாசலில் ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு’ என்று நோட்டீஸ் ஒட்டினேன். ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினேன், எப்படி ஒட்டுவது, எங்கே ஒட்டுவது என்பது என் கையில் இருந்தது, தெருவுக்குத் தெரியும்படி பெரிதாக ஒட்டினேன். மறுநாளிலிருந்து பால்காரர் அந்த வாசலுக்குப் போகவில்லை. 14 நாள் முடிந்த பிறகும் அந்த வீட்டுப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் அந்தத் தெருவில் காய்ச்சல் என்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை, நேராக மருந்துக்கடைக்குப் போனார்கள். நோயைக் கண்டுபிடிக்கப் போட்ட விதி, என் கையால் நோயை மறைக்கிற விதியாக ஆயிற்று.

உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 9-ஆம் தேதி, உரிய அதிகாரியின் குறிப்பான உத்தரவு இல்லாமல் இப்படி வீடுகளில் ஒட்டக் கூடாது என்று சொல்லியது. அதைப் படித்த அன்று அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா காபி கொடுத்தார்.

குடியானத் தெருவில் உட்கார்ந்து பேசிவிட்டுக் காலனியில் வாசலில் நின்றே கணக்கெடுத்துவிட்டு வருகிறவர்களும் எங்களில் உண்டு. அவர்கள் எழுதும் எண் அந்தத் தெருவுக்கு வரவேண்டிய முகாமை, மருந்தை, லாரித் தண்ணீரைத் தீர்மானிக்கிறது. இதைச் சொன்னால் சக ஊழியர்களுக்குக் கோபம் வரும், இருந்தாலும் உண்மை உண்மைதான்.

மக்களைத் தேடி மருத்துவம் களத்திலிருந்து வந்த திட்டமா?

அரசு 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் அது. யார் மனதில் முதலில் தோன்றியது என்று நான் சொல்ல முடியாது. ஊரடங்கில் பேருந்து இல்லாமல் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க வர முடியாத முதியவர்களுக்கு நர்சம்மாக்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்ததை நாங்கள் 2020-லேயே பார்த்தோம். மகளிர் குழுவிலிருந்து தன்னார்வலர்களை எடுத்து அதே வேலையைத் திட்டமாக்கியபோது எங்களுக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

பொதுமக்களாக நாங்கள் என்ன செய்யலாம்?

கிராம சபைக்குப் போங்கள். இப்போது ஆண்டுக்கு 6 முறை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 2020 அக்டோபர் 2-ஆம் தேதி கூட்டத்தைக் கொரோனாவுக்காக ரத்து செய்தார்கள், மக்கள் பேசவேண்டிய அந்த நேரத்தில் பேச இடம் இல்லாமல் போனது. உங்கள் ஊரில் கிராம சுகாதாரம், குடிநீர், துப்புரவுக் குழு இருக்கிறதா, அதற்கு வரும் நிதியை எதற்குச் செலவழித்தார்கள் என்று கேளுங்கள். நர்சம்மா மேலே சொல்லத் தயங்குகிற விஷயத்தைக் கிராம சபைத் தீர்மானமாக எழுதிக்கொடுத்தால் அவர் மேல் பழி வராது.

நான் புதிதாகக் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்திருக்கிறேன் சார். முதலில் என்ன செய்யட்டும்?

நல்லா இருங்கம்மா. 200 பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், துறை கொடுக்கும் பதிவேடு தனி, இது உங்களுடையது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, தெரு, வராதவர்கள், அதற்குப் பக்கத்தில் அவர்கள் சொன்ன காரணம், அவர்கள் வாயால் சொன்னபடியே எழுதுங்கள். ‘ஒத்துழைப்பு இல்லை’, ‘விழிப்புணர்வு குறைவு’ என்று எழுதாதீர்கள், அதை வைத்து யாராலும் எதையும் மாற்ற முடியாது. ‘மாமியார் விடமாட்டேங்குறாங்க’, ‘பஸ் 10 மணிக்கு மேலதான்’, ‘அறுவடை’, ‘போன தடவை நர்ஸ் திட்டிட்டாங்க’ என்று எழுதுங்கள். ஆய்வுக் கூட்டத்துக்குப் போகும்போது அதில் 3 பேருக்கு மேல் சொன்ன காரணத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு கொடுங்கள். வாயால் சொல்வது கூட்டம் முடிந்ததும் காற்றோடு போய்விடும்.

உங்கள் ஊர் சம்பா ஊரா, குறுவை ஊரா என்பதை முதல் வாரத்திலேயே விசாரித்து வையுங்கள். சம்பா என்றால் உங்கள் முகாம் தேதிகளை ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் தை அறுவடைக்கும் நடுவில் பொருத்த வேண்டியிருக்கும்.